ஒன்பதாவது தொகுதி

அந்த வீட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும் குரலுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தே அதை மீறியவரும் இல்லை. சமையலறையில் நிற்பவருக்குக் கூடத்தில் இருப்பவரிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால், அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு, நடந்து வந்து, எதிரே நின்று, முகத்தைப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார்.

மருமகளாக வந்த முதல் வாரத்தில், "உப்பு எங்க அத்தை இருக்கு?" என்று அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். பதில் இல்லை. என்ன குற்றம் செய்தோமோ என்று அவள் விழித்துக்கொண்டிருக்கும்போது, அரை நிமிடம் கழித்து மாமியார் வந்து எதிரில் நின்று, தணிந்த குரலில், "என்னம்மா கேட்டே?" என்றார்.

மூன்றாம் வாரம் இன்னொன்று நடந்தது. மாடியிலிருந்து மாமியாரின் குரல், "அம்மாடி, இங்க கொஞ்சம் வாயேன்" என்றது. "இதோ வரேன் அத்…" என்று அவள் தொடங்குவதற்குள், சோப்பு மணக்கும் ஒரு உள்ளங்கை அவள் வாயை அழுத்தி மூடியது. நாத்தனாரின் கை. அந்தக் கைக்கு மேலாக, ஜன்னலுக்கு வெளியே, கொடியில் காய்ந்த துணிகளை மாமியார் ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மாடிக் குரல் மறுபடி ஒருமுறை கூப்பிட்டது. பிறகு, வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் போல நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன் கணவன் சொல்லியிருந்தான்: "எங்க வீடு ரொம்ப அமைதியான வீடு." வெளியூர் வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை வருபவனுக்கு அந்த அமைதியைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அவளுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்குப் பதில் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒரு கணினி உதவி மையத்தில் ஆறு ஆண்டுகள், காதில் ஹெட்செட்டோடு, எங்கோ ஓர் அறையில் திரை இருண்டுபோய்த் தவிப்பவர்களிடம், "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று நாளைக்கு எண்பது முறை சொன்னவள். தூக்கத்திலும் அதையே சொல்வதாகக் கணவன் கேலி செய்வான். நான்கு மாதம் போராடி, வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி வாங்கியிருந்தாள். நிபந்தனை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், உரிமம் சரிபார்த்து முறையாகச் செயல்படுத்தப்பட்ட இயங்குதளத்தோடு, வீட்டுக் கணினி நிறுவனத்தின் வலையமைப்பில் இணைந்திருக்க வேண்டும். தவறினால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்று வெள்ளிக்கிழமை. மணி ஐந்தரை. வெளியே மழை, கூரை விளிம்பிலிருந்து ஒரே கனத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கணினி மாடி அறையில் இருந்தது. மாமனாருடையது. அதன் மதர்போர்டு போன வாரம் கருகிப்போக, அவளே வேறொன்று வாங்கி மாற்றினாள்; அப்போது அறுந்த ஒயரைப் பற்றவைக்கையில் கை நழுவிய சால்டரிங் கோல் இடது காலின் பெருவிரலருகே பிறை வடிவில் சுட்டிருந்தது. போர்டு மாறியதும் இயங்குதளம் இது வேறு கணினி என்று முறைத்துக்கொண்டது. திரையின் கீழ் மூலையில், செயல்படுத்தும்படி கேட்கும் சாம்பல் எழுத்து வந்து உட்கார்ந்தது. எதைத் திறந்தாலும் அதன் மேல் மிதந்தது. இன்று காலை அவள் பென்டிரைவைச் செருகி, வன்வட்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, புதிதாகவே நிறுவிவிட்டாள். கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த இருபத்தைந்து எழுத்து உரிமச் சாவியை உள்ளிட்டாள்.

இந்தச் சாவி வேறொரு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது, என்றது திரை.

வீட்டில் இருப்பது ஒரே கணினி. மறுபடி உள்ளிட்டாள். அதே வரி.

"அண்ணி, கம்ப்யூட்டருக்கு இப்படி ஒருத்தர் பணிவிடை பண்ணி நான் பார்த்ததில்ல. அண்ணன் பார்த்தா பொறாமையில வெந்துடுவான்." நாத்தனார் கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். கல்லூரி முடித்து வேலை தேடுபவள். எதிரில் ஆள் நின்றால் வாய் ஓயாது.

"உங்க அண்ணன் கெட்டுப்போனா ஃபார்மேட் பண்ண முடியாது. இது முடியும்."

"அதுவும் சரிதான். டீ கொண்டு வரவா?" திரும்பியவள் நின்றாள். கேலி அவள் முகத்திலிருந்து வழிந்து இறங்கியிருந்தது. "கதவைச் சாத்திக்காதீங்க. அப்புறம், டேபிளுக்கு அடியில இருக்கிற செருப்பை நகர்த்திடாதீங்க."

மேசைக்கு அடியில் பழுப்பு நிறத் தோல் செருப்பு ஒரு ஜோடி. மூன்று ஆண்டுத் தூசி அதன் மேல் மெல்லிய துணிபோலப் படிந்திருந்தது. மாமனாருடையது என்பது அவளுக்குத் தெரியும். அவரோ கீழே, மாடிப்படிக்கு எதிரே, நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். கொடுத்தால் சாப்பிடுவார். சாரல் அடித்தால் எழுந்து ஜன்னலை மூடுவார். செய்தித்தாளை ஒரு பக்கம் விடாமல் புரட்டுவார். பேச்சு மட்டும் மூன்று ஆண்டுகளாக இல்லை. தொண்டையிலும் மூளையிலும் ஒரு கோளாறும் இல்லை என்று மூன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பயந்தால் பிழைப்பு நடக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இணையம் கைவிட்டால் தொலைபேசி. நூற்றுக்கணக்கானோருக்கு அவளே வழிகாட்டிய முறை: திரையில் தோன்றும் ஒன்பது தொகுதி எண்களைத் தானியங்கிக் குரலிடம் சொன்னால், அது எட்டுத் தொகுதி விடை எண் தரும், அவற்றைக் கட்டங்களில் நிரப்பினால் முடிந்தது. கைபேசியை ஸ்பீக்கரில் வைத்து, திரையில் இருந்த இலவச எண்ணை அழைத்தாள்.

ஒரு பெண்ணின் இயந்திரக் குரல் வரவேற்றது. அவள் எண்களைப் பொத்தான்களில் அழுத்தினாள். புரியவில்லை, தயவுசெய்து பேசவும், என்றது. மறுபடி அழுத்தினாள். தயவுசெய்து பேசவும். ஒரு கிளிக். பிறகு, எங்கோ பெரிய அறையொன்றின் வெறுமை தொலைபேசிக்குள் நிரம்புவதுபோல் ஒரு இரைச்சல். அதன் நடுவே தொண்டையைச் செருமும் ஓர் ஆண் குரல்.

நல்லவேளை, மனிதர் கிடைத்தார் என்று நினைத்த கணத்தில், நாக்கு தன் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது. இன்று அழைத்தவள் அவளல்லவா.

"முதல் தொகுதி சொல்லும்மா," என்றது குரல். சற்றே களைத்த, பொறுமையான குரல்.

ஏழு எண்களைப் படித்தாள். அவர் திருப்பிச் சொன்னார். "சரியா?"

"சரி."

இரண்டாவது தொகுதி. சரியா? சரி. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் முன் அந்தச் செருமல். அவருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை டக் என்று தட்டியது. கீழே கூடத்து விசிறியும் அப்படித்தான் தட்டும். பழைய விசிறி எல்லாமே தட்டும் என்று அவள் அதை ஒதுக்கினாள். பிறகு, காகிதம் புரளும் ஓசை. பெரிய காகிதம். செய்தித்தாள் அளவுக்கு.

நான்காவது தொகுதியை அவர் திருப்பிச் சொல்லும்போது, அந்தக் குரலுக்கு அடியில் மெலிதாக இன்னொரு குரலும் சேர்ந்து சொன்னது. அவளுடையது. இணைப்பில் எதிரொலி. வாடிக்கையாளர்கள் தினமும் புகார் செய்வதுதான். ஐந்தாவதில் எதிரொலி சற்று உரத்தது. ஆறாவதில் இரண்டும் சம அளவில் ஒலித்தன. மழை வலுத்து, அறைக்குள் நனைந்த சுவரின் மணம் ஏறியது.

"எத்தனை இடத்துல ஓடுதும்மா இது?"

"ஒரே இடம்தான் சார். ஆனா வேற இடத்துல இருக்குன்னு மெசேஜ் வருது. வீட்டுல வேற கம்ப்யூட்டரே கிடையாது."

"நான் கம்ப்யூட்டரைக் கேக்கல."

அவள் கை நின்றது. தப்பாக விளங்கிக்கொண்டிருப்பார். அல்லது கிண்டல். கிண்டல் செய்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதற்கெல்லாம் வேலையை விட்டுவிட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாவது தொகுதியைப் படித்தாள்.

திருப்பிச் சொன்னது முழுக்க அவள் குரல்தான். "சரியா?" என்று கேட்டது மட்டும் அவர்.

"ச… சரி."

வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். கையில் டீ. மெல்ல வந்து கோப்பையை மேசையில் வைத்தாள். கணினிப் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதினாள்.

அப்பா.

மருமகள் கைபேசியை வெடுக்கென்று எடுத்து அழைப்பைத் துண்டித்தாள்.

"எத்தனை வரைக்கும் படிச்சீங்க?" நாத்தனாரின் குரல் காற்றாக வந்தது.

சொல்ல வாயெடுத்தாள். ஏழு. உதடு குவிந்தது, நாக்கு மடிந்தது, மூச்சு வந்தது. ஒலி வரவில்லை. ஆறு என்று முயன்றாள். மூன்று. ஒன்று. எந்த எண்ணும் வரவில்லை. "எனக்கு… என்னால…" மற்றச் சொற்கள் வந்தன. எண்கள் இருந்த இடம் மட்டும், பல் பிடுங்கிய ஈறுபோல் வெறுமையாக இருந்தது.

"அப்பா இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க," என்றாள் நாத்தனார். "கீழயிருந்து அம்மா கூப்பிட்டாங்க. 'இதோ வரேன்'னு சொல்லிட்டு, செருப்புகூடப் போடாம இறங்கிப் போனாங்க. நான் பக்கத்து ரூம்ல கேட்டுக்கிட்டு இருந்தேன்." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அம்மா அன்னைக்கு வீட்டிலேயே இல்ல அண்ணி."

"இதை ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நம்பலன்னா சோதிச்சுப் பார்ப்பீங்க. நீங்க அந்த ரகம்."

உண்மைதான். பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வீடே வாயைப் பொத்திக்கொண்டு எதற்கோ வழிவிட்டு வாழ்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு தொகுதிகள் மிச்சம். அவற்றை அவள் சொல்லப்போவதில்லை. வேலை போனால் போகட்டும். கணினியை அணைக்கக் கையை நீட்டினாள்.

கீழே, சமையலறைப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் எண்களைப் படிக்கத் தொடங்கியது.

அவள் குரல். தெளிவான, பயிற்சி பெற்ற, வாடிக்கையாளரை அவசரப்படுத்தாத குரல். திரையைப் பார்த்தாள். எட்டாவது தொகுதி. ஒரு எண் பிசகவில்லை.

"சரியா?" என்றது மாமனாரின் குரல், கீழேயிருந்து.

"சரியில்ல," என்று கத்தினாள். "நான் சொல்லல. நான் ஒத்துக்கல." கணினியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை அணையவில்லை.

"சரி," என்றது கீழேயிருந்த அவள்.

ஒன்பதாவது தொகுதி. கடைசி ஏழு எண்கள். மெதுவாக. ருசித்து.

"சரியா?"

"இல்ல. இல்ல. இல்…"

"சரி."

அவள் வாய் திறந்திருந்தது. கத்திக்கொண்டுதான் இருந்தாள். தொண்டை நரம்பு புடைத்தது. மழை மட்டும் கேட்டது. திரையில் கட்டங்கள் தாமாக நிரம்பின. மூலையில் இருந்த சாம்பல் எழுத்து மறைந்தது. செயல்படுத்தப்பட்டது, என்றது கணினி. நன்றி, என்றது.

நாத்தனார் அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

கூடத்தில் விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தது. மாமனார் நாற்காலியில், மடியில் விரித்த செய்தித்தாளோடு. அருகே மாமியார் வெங்காயம் நறுக்கிய கத்தியோடு நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். மருமகளின் எதிரே வந்து, வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். "பேசும்மா," என்றார். அவள் தலையை அசைத்தாள். அழவில்லை. அழக்கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். கண்கள் எரிந்தன.

சுவர்க் கடிகாரம் ஆறு காட்டியது.

மாடி அறையில் சக்கர நாற்காலி மேசையருகே உருளும் ஓசை. ஹெட்செட் எடுக்கப்படும் சின்னச் சத்தம். பிறகு அவளுடைய குரல், புத்தம் புதிதாக, கனிவாக:

"வணக்கம். சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு அறையில், திரை இருண்டுபோன ஒரு பெண் பேசினாள். மெலிதாகக் கேட்டது. தன் குறையைச் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க. முதல் தொகுதி சொல்லுங்க." அந்தப் பெண் எண்களைப் படித்தாள். "சரியா?"

"சரிங்க மேடம்," என்றாள் அந்தப் பெண்.

மருமகள் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்கு எண்பது பேர். அவளை நம்பி. அவள் குரலை நம்பி. மாடிப்படியை நோக்கிப் பாய்ந்தாள். மாமியாரின் கை அவளைத் தடுத்தது. விடுவித்துக்கொள்ள முயன்றாள். அந்தக் கை விடவில்லை. ஆனால் அது பின்னால் இழுக்கவுமில்லை. பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்றது.

"மூணு வருஷம்," என்றார் மாமியார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "தினம் சாயங்காலம் இவர் குரல்ல என்னைக் கூப்பிட்டுச்சு. இவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே நான் கேட்காத மாதிரி இருந்தேன். நாம வாயைத் திறக்காம இருந்தா, மிச்சம் இருக்கிறவங்களாவது மிஞ்சுவாங்கன்னு நெனச்சேன்."

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் நாத்தனார்.

"போதும்டி. எவ்வளவு மிஞ்சியிருக்கோம்னு பார்த்துட்டேன்."

கத்தியைத் தரையில் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். தலையை நிமிர்த்தி, அந்த வீடு அதுவரை கேட்டிராத முழுக் குரலில், மாடியை நோக்கிப் பேசினார்.

"ஏய். உன்னைத்தான். நீ கூப்பிட்டது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. இப்ப நான் கூப்பிடுறேன். எங்க வீட்டுக் குரலை வெச்சுக்கிட்டு ஒளிஞ்சு உட்காராதே. இறங்கி வா. எதிர்ல நின்னு, முகத்தைக் காட்டிப் பேசு."

மேலே பேச்சு நின்றது.

மழை நின்றது. விசிறி தட்டவில்லை. மாமனாரின் மடியிலிருந்து செய்தித்தாள் நழுவி விழுந்தது. பேசப்போகிறவர் மூச்சிழுப்பதுபோல அவர் மார்பு எழுந்தது, எழுந்தபடியே நின்றது.

நாற்காலி பின்னால் உருண்டது.

"இதோ வரேன் அத்தை," என்றது மருமகளின் குரல்.

நடை. மாடி அறையிலிருந்து வராந்தா. வராந்தாவிலிருந்து படியின் உச்சி. அங்கே விளக்கில்லை. முதல் படியில் ஒரு கால் இறங்கியது. தூசி படிந்த பழுப்புத் தோல் செருப்பு. அடுத்த படியில் இன்னொரு கால். வெறுங்கால். பெருவிரலருகே, பிறை வடிவில், இன்னும் ஆறாத சூட்டுக்காயம்.

அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். காயம் இருந்தது.

மேலேயும் இருந்தது.

அவள் பின்வாங்கவில்லை. மாமியாரின் விரல்களோடு தன் விரல்களைக் கோத்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாள். மூன்றாவது படியில், அவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் கால் இறங்கியது, வீட்டுக்குள் அணியும் பூப்போட்ட செருப்போடு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் ஒரே உடம்பின் நிதானத்தில். அவள் எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்கு அவளிடம் ஒரு எண்கூட இல்லை.